தொழில் ரகசிய வழக்குகளுக்குப் புதிதாக வரும் ஜூனியர்களுக்கு

ரகசியம் எது என்று ஒரு தாளில் எழுதிக் காட்ட முடியாத வழக்கு, கட்சிக்காரர் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், இடைக்காலத் தடை விசாரணையைத் தாண்டுவது கடினம். இந்தத் துறைக்கு வரும் ஜூனியர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். டிரேட்மார்க் வழக்கில் பதிவுச் சான்றிதழ் இருக்கும். காப்புரிமை வழக்கில் அரசு வழங்கிய ஆவணம் இருக்கும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. உரிமையின் எல்லையை நாமே எழுத வேண்டும். அது நீதிபதிக்கும் எதிர்த்தரப்புக்கும் புரிய வேண்டும், ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது. இந்த வேலையின் கஷ்டமும் சுவையும் அதில்தான் இருக்கின்றன.

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று இதுவரை தனிச் சட்டம் இருந்ததில்லை. 2008இல் ஒரு வரைவு வந்து அப்படியே நின்றுபோனது. 2024 மார்ச்சில் 22வது சட்ட ஆணையம் தன் 289வது அறிக்கையோடு ஒரு மசோதா வரைவை இணைத்துத் தந்தது. அது சட்டமாகும் வரை நம் கையில் இருப்பவை வேறு: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இங்கிலாந்துத் தீர்ப்புகளின் வழியே வந்த நம்பிக்கை மீறல் கோட்பாடு, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம், கொஞ்சம் குற்றவியல் சட்டம். அளவுகோல் வேண்டுமென்றால் உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 39வது பிரிவைப் பாருங்கள். தகவல் பொதுவாக வெளியே தெரியாததாக இருக்க வேண்டும், தெரியாததாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும், அதை மறைவாக வைக்க உரியவர் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நம் வாதம் ஆட்டம் காணும்.

முதல் சந்திப்பு: கோபத்தைக் கேளுங்கள், பிறகு தாளை எடுங்கள்

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். கோவையில் பம்ப்செட் செய்யும் நிறுவனம். பதினைந்து வருடம் வேலை பார்த்த டிசைன் இன்ஜினியர் விலகி, சில மாதத்தில் போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். அதே மாதிரி பம்ப் அங்கிருந்து சந்தைக்கு வருகிறது. முதலாளி நம் முன் உட்கார்ந்து, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாருங்க" என்கிறார்.

அவரை முழுதாகப் பேச விடுங்கள். கூடவே வளர்ந்த ஒருவர் போய்விட்டதில் வருத்தமும் இருக்கும், அதைக் குறுக்கிட்டு வெட்ட வேண்டாம். பேசி முடித்த பிறகு ஒரே கேள்வி: "எல்லாம் என்றால் எவை?" பெரும்பாலும் வரும் பதில், "பம்ப் டிசைன்தான்." இது போதாது. பம்ப் கடையில் விற்கிறது. யார் வேண்டுமானாலும் ஒன்றை வாங்கி, கழற்றி, வெர்னியர் காலிப்பரால் உள்ளே சுழலும் இம்பெல்லரை அளந்துவிடலாம். அப்படி அளந்து செய்வதைச் சட்டம் தடுப்பதில்லை. ஆகவே வெளி அளவுகள் ரகசியம் அல்ல.

பிறகு என்னதான் ரகசியம்? இங்கேதான் பொறுமை வேண்டும். தொழிற்சாலைக்கே போய் உட்காருங்கள். பொருளைப் பிரித்துப் பார்த்தால் தெரியாதவை என்னென்ன என்று புரொடக்ஷன் ஆளிடம் கேளுங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்), உலோகக் கலவையில் எது எத்தனை விழுக்காடு, வார்ப்புக்கு மணல் எப்படிக் கலக்கிறார்கள், எந்தச் சூட்டில் எத்தனை மணி நேரம் வைக்கிறார்கள், யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறார்கள், அடுத்த டெண்டருக்குப் போட்டிருக்கும் விலை என்ன. இன்னொன்றை முதலாளிகள் சொல்லவே மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்: தோற்றுப்போன சோதனைகளின் பதிவுகள். எந்த வடிவம் வேலை செய்யாது என்று கண்டுபிடிக்க இரண்டு வருடம் செலவாகியிருக்கும். அந்தக் கோப்பு கையில் கிடைத்தவருக்கு அந்த இரண்டு வருடமும் மிச்சம். நான் பார்த்த வரையில் பல நிறுவனங்களில் உண்மையான சொத்து அந்தக் கோப்புதான்.

கிடைத்ததையெல்லாம் நான்கு பத்தி போட்ட அட்டவணையில் எழுதுங்கள். தகவல் என்ன, அது எந்தக் கோப்பில் அல்லது எந்த நோட்டில் இருக்கிறது, உள்ளே யார் யாருக்குத் தெரியும், நான்காவதாக, வெளியே உள்ள ஒருவர் நேர்வழியில் அதைத் தெரிந்துகொள்ள என்ன வழி, அதற்கு எவ்வளவு காலம் ஆகும். நான்காவது பத்தியை நிரப்பும்போதே பாதி வரிகள் தானாக அடிபட்டுப் போகும். போகட்டும். நாற்பது வரியோடு போகும் வழக்கைவிட நான்கு வரியோடு போகும் வழக்கு வலுவானது.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு 1968இல் இங்கிலாந்தில் வந்த கோகோ எதிர் கிளார்க். தகவலுக்கு ரகசியத் தன்மை வேண்டும், நம்பிக்கைக் கடமை உண்டாகும் சூழலில் அது கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், அனுமதியின்றிப் பயன்படுத்தியதால் கொடுத்தவருக்குக் கேடு வந்திருக்க வேண்டும். இந்த மூன்று சோதனைகளை மனப்பாடமாகச் சொல்லும் ஜூனியர்கள் பலர். அந்த வழக்கில் மொப்பெட் இன்ஜினை வடிவமைத்த வாதிக்கு அவர் கேட்ட தடை கிடைக்கவில்லை என்பதையும் படித்துவையுங்கள். தன் இன்ஜினில் ரகசியமானது எது என்பதை அவரால் போதுமான அளவுக்குக் காட்ட முடியவில்லை. சோதனையை நமக்குத் தந்த வழக்கே அந்தச் சோதனையில் தோற்ற வழக்கு.

பூட்டு இருந்ததா?

அடுத்த கேள்வி, ரகசியத்தைக் காக்க நிறுவனம் என்ன செய்தது என்பது. இதற்குப் பல முதலாளிகளிடம் பதில் இருக்காது. வரைபடங்கள் ஒரே பொதுக் கணினியில், எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. வெளி பவுண்டரிக்கு வரைபடம் வாட்ஸ்அப்பில் போயிருக்கும். "நம்ம ஆளுங்கதானே" என்பார்கள்.

இதைக் கேட்டதும் கைவிட வேண்டியதில்லை. நீதிமன்றம் எதிர்பார்ப்பது நியாயமான முயற்சியை. சிறு தொழிலுக்கு ஏற்ற அளவில் என்ன இருந்தது என்று தேடுங்கள். பவுண்டரிக்கு முழு அசெம்பிளி வரைபடம் போகாமல் ஒரு பாகத்தின் வரைபடம் மட்டும் போனதா? கலவை விவரம் ஒருவரிடம் மட்டும் இருந்ததா? டெஸ்ட் பெட் அறைக்குள் எல்லோரும் போக முடியுமா? பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் ரகசியம் பற்றிய வாசகம் அச்சாகியிருக்கிறதா? இவையும் சாட்சியமே. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், கொடுத்த சூழ்நிலையிலிருந்தே கடமை பிறக்கலாம். 1987இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஜான் பிராடி தொடுத்த வழக்கு இதற்கு நல்ல துணை. தீவன உற்பத்தி இயந்திரத்துக்கு வெப்பப் பலகைகள் செய்து தரச் சொல்லி எதிர்த்தரப்பிடம் வரைபடங்களும் தொழில்நுட்ப விவரங்களும் கொடுத்திருந்தார்கள். வாங்கும் ஆர்டர் கைகூடவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு அதே போன்ற இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. நீதிமன்றம் தடை கொடுத்தது.

ஓட்டை இருந்தால் அதைப் பிராதில், அதாவது வழக்கு மனுவில், மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பில் நிற்பவர் அங்கேயே பதினைந்து வருடம் இருந்தவர். எந்தக் கதவு திறந்து கிடந்தது என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கணினியைத் தொடாதீர்கள்

சாட்சியத்தை இழப்பது பெரும்பாலும் வழக்கறிஞரைப் பார்க்க வருவதற்கு முந்தைய வாரத்தில். விலகிப் போனவரின் லேப்டாப்பை ஃபார்மட் செய்து அடுத்தவருக்குக் கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் முதலாளியும் மைத்துனரும் சேர்ந்து ராத்திரி முழுக்க அதைத் திறந்து துழாவியிருப்பார்கள். ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் தேதிப் பதிவுகள் மாற வாய்ப்பு உண்டு. பிறகு எதிர்த்தரப்பு, "நீங்களே வைத்த கோப்பு" என்று சொல்ல இடம் கிடைத்துவிடுகிறது.

ஆகவே முதல் போன் அழைப்பிலேயே சொல்லுங்கள்: கணினியை அணைத்து, உறையில் போட்டு, சீல் வைத்து, யார் எப்போது வைத்தார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து மேலே புதிதாகப் பதிவாகும். அவற்றை அன்றே பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் தடயவியல் நிபுணர் ஒருவரை அமர்த்தி வன்தட்டின் முழுப் பிரதியை எடுக்க வேண்டும். எழுத்துத் தடுப்புக் கருவி (மூல வன்தட்டில் எதுவும் மாறாமல் தடுப்பது) போட்டு எடுத்த பிரதியா, அதன் ஹாஷ் மதிப்பு (தரவு மாறினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

எதைத் தேடுவது? கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எந்த பென் டிரைவ் செருகப்பட்டது, அலுவலக மின்னஞ்சலிலிருந்து சொந்த முகவரிக்கு என்ன போனது, கூகுள் டிரைவில் என்ன ஏறியது, விடுமுறை நாளில் யார் கார்டு தட்டி உள்ளே வந்தது. பணிக்குத் தேவையில்லாத ஃபோல்டர்களை ராஜினாமாவுக்கு முந்தைய நாட்களில் மொத்தமாகத் திறந்திருந்தால் அது பெரிய துப்பு. அமெரிக்காவில் தானோட்டி கார் நிறுவனமான வேமோ ஊபர் மீது போட்ட வழக்கு நின்றதே அப்படிப்பட்ட ஒரு துப்பின் மேல்தான். விலகும் முன் தன் பொறியாளர் ஒருவர் ஏறத்தாழ 14,000 கோப்புகளைத் தரவிறக்கினார் என்பது வேமோவின் குற்றச்சாட்டு.

மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழின் இடத்தில் வந்தது இது. இப்போதைய படிவத்தில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தர வேண்டும், இரண்டாவதை நிபுணர் தர வேண்டும். ஹாஷ் மதிப்பை அதிலேயே குறிக்க வேண்டும். சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. "டிரையலின்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த ஐ.டி. மேனேஜர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

ஒரு கடும் எச்சரிக்கை. விலகியவரின் சொந்த ஜிமெயில் கணக்கு அந்த லேப்டாப்பில் திறந்தே இருக்கலாம், பாஸ்வேர்டு பிரவுசரில் சேமித்திருக்கலாம். கட்சிக்காரர் ஆர்வமாகச் சொல்வார், "உள்ளே போய்ப் பார்த்துடலாங்களா?" கூடாது. அனுமதியின்றி நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66வது பிரிவுகள் நம் கட்சிக்காரர் மீதே பாயும். அந்தக் கணக்கில் உள்ளதை நீதிமன்ற உத்தரவின் வழியாகக் கேட்டு வாங்குவதே ஒரே வழி.

ஒப்பந்தத்தில் எதை நம்பலாம்

வேலை ஒப்பந்தத்தைப் புரட்டினால் "விலகிய பின் இரண்டு ஆண்டு எந்தப் போட்டி நிறுவனத்திலும் சேரக் கூடாது" என்று ஒரு வாசகம் இருக்கும். முதலாளி அதைத்தான் தன் ஆயுதம் என்று நினைத்துக்கொண்டு வருவார். ஒப்பந்தச் சட்டத்தின் 27வது பிரிவின்படி தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது. பணியில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு செல்லும் என்று 1967இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டயர் நூல் ஆலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இருந்தவர் பாதியில் போட்டி ஆலைக்குப் போன வழக்கு அது. பணி முடிந்த பிறகான தடை செல்லாது என்பதை 1980இல் முர்காய் வழக்கு காட்டியது.

ஆனால் ரகசியம் காக்கும் வாசகம் பணி முடிந்த பின்னும் உயிரோடு இருக்கும். வித்தியாசத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "அவர் அங்கே வேலை செய்யக் கூடாது" என்று கேட்டால் வாசலிலேயே தோற்போம். "இந்த ஏழு கோப்புகளில் உள்ளதைப் பயன்படுத்தக் கூடாது" என்று கேட்டால் நீதிபதி காது கொடுப்பார். பதினைந்து வருடத்தில் ஒருவர் கற்றுக்கொண்ட கைத்திறனும் அனுபவமும் அவருடையவை. அதை வைத்து அவர் பிழைக்கத்தான் வேண்டும். இது எனக்கு வெறும் சட்ட வாதமாகப் படவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் எவருக்கும் இருக்கிற ஒரே சொத்து அதுதான், அதையும் முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிடும்படி நாம் பிராது எழுதக் கூடாது.

வாடிக்கையாளர் பட்டியலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதுதான் அடிக்கடி வரும் வழக்கு, அடிக்கடி தோற்கும் வழக்கும் கூட. 2006இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி தன் முன்னாள் ஊழியர் மீது டெல்லியில் தொடுத்த வழக்கில் தடை கிடைக்கவில்லை. வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் தெரிந்திருப்பதாலேயே ஒருவர் வேறு வங்கிக்குப் போவதைத் தடுக்க முடியாது. அதே நேரம், உழைத்துத் தொகுத்த தரவுத்தளத்தை அப்படியே நகல் எடுத்துப்போனால் பதிப்புரிமை வழியே பிடிக்கலாம். 1995இல் பர்லிங்டன் வழக்கில் அது நடந்தது.

ஒப்பந்தத்தில் நடுவர் மன்ற வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 1996ஆம் ஆண்டு நடுவர் மன்றச் சட்டத்தின் 9வது பிரிவின் கீழ் இடைக்காலப் பாதுகாப்பு கேட்கலாம். உத்தரவு கிடைத்த 90 நாளுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும். டைரியில் சிவப்பு மையில் எழுதி வைக்க வேண்டிய தேதி அது.

எங்கே தாக்கல் செய்வது

வணிக நீதிமன்றச் சட்டம், 2015. வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் அங்கே போகலாம், ஆனால் அது வணிகத் தகராறாக இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் அறிவுசார் சொத்துப் பட்டியலில் டிரேட்மார்க், பதிப்புரிமை, காப்புரிமை, டிசைன் எல்லாம் இருக்கின்றன. தொழில் ரகசியம் பெயர் சொல்லி இல்லை. ஆகவே நம் பிராது எந்த உரிமையின் மேல் நிற்கிறது என்று முன்பே தீர்மானியுங்கள். வரைபடங்களில் பதிப்புரிமை கோரினால் வணிக நீதிமன்றக் கதவு திறக்கும். வெறும் வேலை ஒப்பந்த மீறல் என்று எழுதினால் அது சாதாரண உரிமையியல் வழக்கு என்ற ஆட்சேபணை வரும்.

பதிப்புரிமையிலும் ஒரு பள்ளம் உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவுப்படி, டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத் தகுந்த ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல், அதை வைத்துத் தொழில்முறையில் 50க்கு மேல் பொருள் செய்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை முடிந்துவிடும். மாதம் ஆயிரக்கணக்கில் பம்ப் செய்யும் நிறுவனத்துக்கு இந்த வாதம் கட்டாயம் வரும். உள்ளே மறைந்திருக்கும், செயல்பாட்டுக்கு மட்டுமான பாகத்தின் வரைபடம் டிசைன் சட்டத்துக்குள் வருமா என்பதில்தான் பதில் இருக்கிறது. அதைத் தாக்கலுக்கு முன்பே எழுதித் தயாராக வைத்திருங்கள்.

வணிக நீதிமன்றமென்றால் 12ஏ பிரிவு: அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்குகள் முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றது. நம் வழக்குகளில் பெரும்பாலும் அவசரம் உண்மையாகவே இருக்கும். ஆனால் திருட்டு தெரிந்து எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு "அவசரம்" என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு தனியாக இயங்குகிறது. அங்கே பட்டியலாகும் வழக்குகளைச் சும்மாவேனும் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

போலீஸ் புகார் பற்றி ஒரு வார்த்தை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் உண்டு. இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். கட்சிக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான், "உள்ளே வைக்க முடியுமா?" முதல் படியாக இதை நான் பரிந்துரைப்பதில்லை. லேப்டாப் ஒருமுறை ஆய்வகத்துக்குப் போனால் உரிமையியல் வழக்குக்கு அது கைக்கு வர நாளாகும். சமரசக் கதவும் பாதி மூடிவிடும். பதிவுகள் தெளிவாக இருந்து, பெரிய அளவில் தரவு போயிருந்து, அழிக்கும் அபாயமும் இருந்தால் யோசிக்கலாம். பயமுறுத்துவதற்காக மட்டும் புகார் எழுதித் தராதீர்கள்.

பிராது எழுதும்போது

புதியவர்கள் செய்யும் பெரிய சேதம், ரகசியத்தைப் பிராதிலேயே எழுதிவிடுவது. நீதிமன்ற ஆவணத்துக்கு நகல் மனு போட்டு மற்றவர்களும் வாங்க வழி உண்டு. பிராதில் ரகசியத்தின் வகையை மட்டும் எழுதுங்கள்: "இன்ன மாடல் இம்பெல்லரின் வெப்பப் பதப்படுத்தல் முறை, தேதியிட்ட இன்ன கோப்பு எண்". உள்ளடக்கம் சீலிட்ட உறையில் தனி அட்டவணையாகப் போக வேண்டும். கூடவே ரகசியக் குழு அமைக்கக் கோரும் மனு. இரு தரப்பு வழக்கறிஞர்களும் நிபுணர்களும் எனக் குறிப்பிட்ட சிலர் மட்டும் அந்த ஆவணங்களைப் பார்க்கும் ஏற்பாடு அது. டெல்லி உயர் நீதிமன்ற விதிகளில் இதற்குத் தனி ஏற்பாடே இருக்கிறது. அந்த வாசகங்களைப் பார்த்து நம் மனுவை வடிவமைக்கலாம்.

வணிக வழக்கில் நம்மிடம் உள்ள ஆவணங்களைப் பிராதோடேயே தாக்கல் செய்ய வேண்டும். அவசரத் தாக்கலென்றால் கூடுதல் ஆவணங்களுக்கு அனுமதி கேட்டு 30 நாள் பெறலாம். உண்மை உறுதிமொழியில் கையெழுத்திடப்போகும் இயக்குநரிடம் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் அதைத் தாங்க வேண்டியவர் அவர்.

இடைக்காலத் தடையும் கமிஷனரும்

முன்னறிவிப்பு இல்லாமல் தடை கேட்பதா, லீகல் நோட்டீஸ் விடுவதா? அழிக்கக்கூடிய டிஜிட்டல் கோப்பு என்றால் நோட்டீஸ் விடாதீர்கள். நோட்டீஸ் கிடைத்த அன்றே எல்லாம் போய்விடும். பவுண்டரி போன்ற நீண்டநாள் உறவு என்றால் ஒரு நல்ல கடிதமே வேலையை முடித்துவிடலாம்.

தடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அட்வகேட் கமிஷனர் நியமனம், அதாவது எதிர்த்தரப்பின் இடத்துக்கே போய்ச் சாட்சியத்தைப் பதிவு செய்ய நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை அனுப்புவது. 1975இல் இங்கிலாந்தில் ஆன்டன் பில்லர் வழக்கில் பிறந்த யோசனை, இங்கே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26, 39வது கட்டளைகளின் வழியே நடக்கிறது. கோரிக்கையை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "சோதனையிட்டுக் கைப்பற்ற வேண்டும்" என்று அகலமாக எழுதினால் மறுப்பு வரும், கிடைத்தாலும் மேல்முறையீட்டில் போகும். எந்த முகவரி, எந்தக் கருவிகள், நிபுணர் கூட வருவது, முழுப் பிரதி எடுத்து சீல் வைத்து நீதிமன்றத்தில் ஒப்படைப்பது, நம் கட்சிக்காரர் அந்தப் பிரதியைப் பார்க்க மாட்டார் என்ற உறுதி. இவ்வளவும் இருந்தால் நீதிபதிக்கு நம்பிக்கை வரும். எதிர்த்தரப்புக்கும் அவர்களுடைய ரகசியங்கள் இருக்கின்றன என்பதை நாமே மனுவில் சொல்லிவிடுவது நல்லது.

ஒருதலைப்பட்ச உத்தரவு கிடைத்தால் 39வது கட்டளை 3வது விதியை மறந்துவிடாதீர்கள். பிராது, ஆவணங்கள் உட்பட எல்லா நகலையும் உடனே எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அன்றோ மறுநாளோ அதற்கான பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். இதைக் கோட்டைவிட்டதால் கலைந்துபோன உத்தரவுகள் உண்டு. இது முழுக்க ஜூனியரின் பொறுப்பு.

தடைக் காலத்தையும் யோசித்துக் கேளுங்கள். எதிராளி நேர்வழியில் இதே இடத்துக்கு வர பதினெட்டு மாதம் ஆகும் என்றால், முந்திக்கொண்டதால் கிடைத்த அந்தச் சாதகத்தை மட்டும் பறிக்கும் தடை நியாயமாக இருக்கும். 1959ஆம் ஆண்டு டெராபின் வழக்கின் அடிப்படை அதுதான். அட்டவணையின் நான்காவது பத்தி இங்கே கைகொடுக்கும்.

நாம் எதிர்த்தரப்பில் இருந்தால்

அந்த இன்ஜினியரே நம்மிடம் வரலாம். வழக்கு வரும் என்று தெரிந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவில் கேவியட் (நம்மைக் கேட்காமல் உத்தரவு தர வேண்டாம் என்ற மனு) போடுங்கள், 90 நாள் நிற்கும். அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது: எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் அழித்த ஒரு ஃபோல்டர், ஒன்றுமில்லாத வழக்கையும் பெரிதாக்கிவிடும். பழைய கோப்பு வீட்டில் இருந்தால் அதை நம் நிபுணரிடம் ஒப்படைக்கச் செய்து, திருப்பித் தர முன்வாருங்கள். பிறகு வாதியிடம் விவரம் கேளுங்கள், எது ரகசியம், எந்தத் தேதி, எந்தக் கோப்பு என்று. புதிய நிறுவனத்திடம் சொந்தமாக வடிவமைத்ததற்கான தேதியிட்ட பதிவுகள் இருந்தால் அவைதான் சிறந்த கேடயம்.

முடியும்போது

அமெரிக்காவில் தொகைகள் பெரிது. எபிக் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் டிசிஎஸ் மீது தொடுத்த வழக்கில் 2016இல் விஸ்கான்சின் ஜூரி 94 கோடி டாலர் என்றது. பல கட்டங்களில் குறைந்து கடைசியில் இழப்பீடு 14 கோடி, தண்டனைத் தொகை 14 கோடி என்று நின்றது. இங்கே இழப்பீட்டை ரூபாயில் நிரூபிப்பதே பெரும்பாடு. அதனால் பல வழக்குகள் இடைக்கால உத்தரவுக்குப் பிறகு சமரசத்தில் முடிகின்றன, அதில் தவறொன்றும் இல்லை. வேமோ வழக்கும் 2018 பிப்ரவரியில் விசாரணை தொடங்கிய சில நாட்களிலேயே சமரசமானது. ஊபர் பங்குகளோடு, வேமோவின் ரகசியத் தகவலைப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியும் அதில் இருந்தது.

சமரச மனுவில் "எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டேன்" என்ற ஒற்றை வரி போதாது. எந்தெந்தக் கருவி, எந்தெந்தக் கணக்கு, வீட்டிலுள்ள கணினி, பழைய போன் என்று பட்டியல் வேண்டும். பொதுவான நிபுணர் அழித்துச் சான்று தர வேண்டும். அவர் புதிய வேலையில் தொடரலாம் என்பதையும் எழுதிவிடுங்கள், அதுதான் அவரைக் கையெழுத்திட வைக்கும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கான மனுவைக் கட்சிக்காரர் கேட்கும் முன் நீங்களே போடுங்கள்.

கடைசியாக நம் அலுவலகம். வழக்கு முடிந்த நாளில் அந்த ரகசியத்தின் பிரதிகள் நம் மேஜையிலும், நம் மின்னஞ்சலிலும், சீனியர் கவுன்சிலின் பிரீஃபிலும், கிளார்க்கின் பென் டிரைவிலும் இருக்கும். சீலிட்ட உறையை நீதிமன்றத்திலிருந்து திரும்பப் பெற மனு கொடுங்கள். யார் யாரிடம் பிரதி போனது என்று தொடக்கத்திலேயே ஒரு பதிவேடு வைத்திருந்தால், அதை எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி, கட்சிக்காரரிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படையுங்கள்.